பாலிடெக்னிக் தந்த எக்ஸ்ரே!



டிப்ளமாதானா என்று யாராவது இழுத்துக் கேட்டால் நம்மில் பலருக்குத் தலை தானாகக் குனிந்துவிடும். எனக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்து அவருக்குக் கை ஒடிந்தது. எக்ஸ்ரே அறையில் ஒரு அண்ணன், அந்தக் கையை அலுங்காமல் திருப்பி வைத்துப் படம் எடுத்தார். மெடிக்கல் எலக்ட்ரானிக்ஸ் எதுக்குப் படிக்கிறோம்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்தக் கதிரைக் கண்டுபிடித்தவரைத் தேடி நூலகத்துக்குப் போனேன். அவரும் ஒரு பாலிடெக்னிக் மாணவர்!

வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன் 1845 மார்ச் 27 அன்று ஜெர்மனியின் லென்னெப் ஊரில் ஒரு துணி வியாபாரியின் மகனாகப் பிறந்தார். ஹாலந்தில் வளர்ந்தார். ஊட்ரெக்ட் நகரத் தொழிற்பள்ளியில் படிக்கும்போது யாரோ ஒரு மாணவன் ஆசிரியரைக் கேலிப்படம் வரைந்தான். வரைந்தவனைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று நின்றார் ராண்ட்ஜன். பள்ளியை விட்டே நீக்கினார்கள். கையில் சான்றிதழ் இல்லை!

அந்தச் சான்றிதழைக் கட்டாயமாகக் கேட்காத இடம் ஒன்று இருந்தது. அதுதான் சூரிச் பாலிடெக்னிக். 1865இல் சேர்ந்து 1868இல் மெக்கானிக்கல் டிப்ளமா வாங்கினார். அடுத்த வருஷமே டாக்டர் பட்டம். ஆனாலும் பழைய குறை துரத்தியது. தன் பேராசிரியர் குண்ட்டோடு வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, பள்ளிச் சான்றிதழ் இல்லையென்று அங்கே ஆசிரியர் தகுதி தர மறுத்துவிட்டார்கள். சண்டை போடவில்லை மனுஷன். வேறு ஊருக்குப் போய் உழைத்தார். 1888இல் அதே வூர்ஸ்பர்க் அவரைப் பேராசிரியராக அழைத்தது!

1895 நவம்பர் 8 மாலை. இருட்டறையில் கறுப்பு அட்டையால் மூடிய கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரம் பாய்ச்சினார். சற்றுத் தள்ளியிருந்த பேரியம் பிளாட்டினோசயனைடு திரை ஒளிர்ந்தது. வேறொருவர் என்றால் விட்டிருப்பார். இவரோ ஏழு வாரம் ஆய்வுக்கூடமே கதியென்று கிடந்தார். டிசம்பர் 22 அன்று மனைவி பெர்த்தாவின் கையைப் படமெடுத்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்தன. என்ன கதிரென்று தெரியாததால் 'எக்ஸ்' என்று பெயர் வைத்தார்.

1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான். பரிசுப் பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே எழுதி வைத்தார். காப்புரிமை வாங்கினால் கோடீஸ்வரர் ஆகியிருக்கலாம். உலகத்துக்குச் சொந்தம் என்று விட்டுவிட்டார். போருக்குப் பிந்திய விலையேற்றத்தில் சேமிப்பும் கரைய, 1923 பிப்ரவரி 10 அன்று மியூனிக்கில் காலமானார்.

அந்தக் கதிரின் ஆபத்து முதலில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தொடக்க காலத்தில் அதோடு வேலை செய்தவர்களில் பலர் விரலை இழந்தார்கள், சிலர் உயிரையே இழந்தார்கள். ஈய அங்கியும் கதிர் அளக்கும் பேட்ஜும் அவர்கள் கொடுத்த விலை. நாளை எக்ஸ்ரே அறைக்குள் வேலைக்குப் போகிற நாம் அதை மறக்கக் கூடாது.

அப்பாவின் எக்ஸ்ரே படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். சான்றிதழ் இல்லாத ஒருவர் உலகத்துக்கு இலவசமாக விட்டுப்போனது, எங்கள் வீட்டுக் கூரை வரைக்கும் வந்துவிட்டது. இனி யாராவது டிப்ளமாதானா என்று கேட்டால், ஆமாம், டிப்ளமாதான் என்று நிமிர்ந்தே சொல்வேன். நீங்களும் சொல்லுங்கள் தோழர்களே!