அந்திம காலமும் பெரியாழ்வாரும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பாண்டிய நாட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆனி மாதம் ஸ்வாதி நக்ஷத்திரத்தில், கருடாம்சமாய் அவதரித்தவர் பெரியாழ்வார். விஷ்ணுசித்தர் என்பது இயற்பெயர். அவர் வாழ்ந்த காலம் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகள் என்பர் ஆராய்ச்சியாளர். எம்பெருமானுக்கு மிகவும் உகந்த கைங்கர்யம் யாதென்று ஆராய்ந்த அவர், கண்ணன் வடமதுரையில் மாலாகாரர் இல்லம் தேடிச் சென்று பூமாலை வேண்டிப் பெற்றதை நினைந்தார். நந்தவனம் அமைத்து, வடபத்ரசாயிக்கு மாலை கட்டிச் சமர்ப்பிப்பதையே தம் வாழ்வாகக் கொண்டார்.

அக்காலத்தில் மதுரையை ஆண்ட ஸ்ரீவல்லபதேவன் என்னும் பாண்டியன், ஓரிரவு நகர்சோதனை சென்றபோது, திண்ணையில் உறங்கிய வழிப்போக்கரான அந்தணர் ஒருவரை எழுப்பி, நல்வார்த்தை ஒன்று கூறும்படி வேண்டினான். மழைக்காலம் நான்கு மாதங்களுக்கு வேண்டியதை மற்ற எட்டு மாதங்களிலும், இரவுக்கு வேண்டியதைப் பகலிலும், முதுமைக்கு வேண்டியதை இளமையிலும், மறுமைக்கு வேண்டியதை இம்மையிலும் தேடிவைக்க வேண்டும் என்னும் கருத்துடைய ச்லோகம் ஒன்றை அவர் கூறினார். முதல் மூன்றுக்கும் குறைவற்ற அரசன், நான்காவதற்கு ஒன்றும் தேடவில்லையே என்று கலங்கினான். புரோகிதரான செல்வநம்பியின் யோசனைப்படி, பரம்பொருள் இன்னதென்று நிர்ணயிப்பவருக்காகப் பொற்கிழி கட்டப்பட்டது.

வடபத்ரசாயி கனவில் ஏவ, விஷ்ணுசித்தர் மதுரைக்கு எழுந்தருளி, ஸ்ரீமந் நாராயணனே பரதத்துவம் என்று நிலைநாட்டினார். கிழி தானே தாழ்ந்து வந்தது. மன்னன் பட்டர்பிரான் என்னும் பட்டமளித்து, அவரை யானைமேல் ஏற்றி நகர்வலம் வரச் செய்தான். பிள்ளையின் சிறப்பைக் காண வரும் பெற்றோரைப் போல, பெருமாள் பிராட்டியோடு கருடன்மேல் எழுந்தருளி வானில் காட்சி தந்தான். ஆழ்வார் தமக்கென்று எதுவும் வேண்டவில்லை. காலத்துக்கு வசப்பட்ட இவ்வுலகில் அத்திருமேனிக்கு என்ன தீங்கு நேருமோ என்று அஞ்சி, யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு திருப்பல்லாண்டு பாடினார். தமக்காக அஞ்ச வேண்டிய மனிதர், எம்பெருமானுக்காக அஞ்சினார். அப்பரிவினாலேயே விஷ்ணுசித்தர் பெரியாழ்வார் ஆனார்.

பின்னர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மீண்டு, நந்தவனத்துத் துளசியின் அடியில் கண்டெடுத்த ஆண்டாளை வளர்த்தார். அவளைத் திருவரங்கத்துப் பெருமான் ஏற்றுக்கொண்டபின், மகளைப் பிரிந்த இல்லத்தில் மீண்டும் மாலைக் கைங்கர்யத்தில் நின்றார்.

திருப்பல்லாண்டோடு சேர்த்து அவர் அருளிய பாசுரங்கள் 473. கண்ணனின் பிள்ளைத்தமிழாகவே பலரும் போற்றும் அத்திருமொழியின் நான்காம் பத்தில், மரண வேளையை அவர் மறைக்காமல் காட்டுகிறார். புண்ணில் ஈ மொய்க்கிறது. வாயில் வார்த்த கஞ்சி உள்ளே செல்லாமல் கடைவாய் வழியே வழிகிறது. தொண்டை அடைக்கிறது. சுற்றத்தார் கூடியிருந்து, வைத்த பொருள் எங்கே என்று கேட்கின்றனர். பகவந்நாமத்தைச் சொல்ல வேண்டிய நாவு எழவில்லை.

ஆழ்வார் சாவுக்கு அஞ்சினாரா என்னும் கேள்வி இங்கே எழும். பரமபதத்தில் உறுதியுள்ளவருக்குச் சாவு ஒரு பயணமேயன்றி அழிவன்று; அதற்கு அவர் அஞ்சியதாகத் தோன்றவில்லை. சாகும் வேளையே அவரைக் கலங்கச் செய்தது. இறுதியில் எதை நினைக்கிறானோ அதையே ஒருவன் அடைகிறான் என்பது கீதையின் எட்டாம் அத்தியாயத்தில் காணும் உபதேசம். நினைக்க வேண்டிய மனமே அந்த நாழிகையில் தளர்ந்து போனால் என் செய்வது? வேதனையைக் காட்டிலும், வேதனையால் வரும் மறதியே அவருக்குப் பயம் தந்தது.

இதற்கு அவர் கண்ட பரிகாரங்கள் மிக எளியவை. பிள்ளைகளுக்கு எம்பெருமானின் திருநாமத்தை இடுங்கள் என்றார். அவ்வாறு இட்டால், மகனை அழைக்கும் பழக்கத்தினாலேனும் நாவு நாராயணனைச் சொல்லும் அன்றோ? அடுத்து, திருவரங்கத்துப் பெருமானை நோக்கியே ஒரு பதிகம் பாடினார். முதலையின் வாயில் அகப்பட்ட யானைக்கு அருளியவனிடம், அந்த வேளையில் தம்மால் நினைக்க இயலாது என்று ஒப்புக்கொண்டு, அறிவும் நாவும் தம் வசம் இருக்கும்போதே அன்றைக்கான விண்ணப்பத்தைச் செய்து முடித்தார். திண்ணையில் அரசன் கேட்ட ச்லோகத்தின் நான்காவது பகுதி இங்கே நிறைவேறுகிறது. மறுமைக்கு வேண்டியதை ஆழ்வார் பெருமானிடமே ஒப்படைத்துவிட்டார்.

வராஹ சரம ச்லோகத்தின் பொருளும் இதுவே. உடலும் உள்ளமும் நன்றாக உள்ளபோது தன்னை நினைத்த பக்தன், பின்னர்க் கட்டை போலவும் கல் போலவும் கிடக்கும்போது, அவனைத் தான் நினைப்பதாக எம்பெருமான் வாக்களிக்கிறான். அந்திம ஸ்மிருதியின் பாரம் அடியவன் தலையிலிருந்து இறங்கி அவன் தலையில் ஏறுகிறது.

ஆகையால்தான் ஐந்தாம் பத்தில் ஆழ்வாரின் குரல் மாறுகிறது. நெய்க்குடத்தை எறும்பு பற்றுவதுபோல் உடலைப் பற்றும் நோய்களை, இது பாம்பணையான் குடிபுகுந்த இடம், காவல் உள்ள ஊர், அகன்று போங்கள் என்று விரட்டுகிறார். நோயின் பெயர் கேட்டே நடுங்கும் உலகில் இத்துணிவு அவருக்கு வந்தது, முன்னமே விண்ணப்பித்துவிட்டதால் அன்றோ? முடிவில் திருமாலிருஞ்சோலையை அடைந்து, அழகரைப் போக விடாமல் பற்றிக்கொண்டு பாடி, அங்கிருந்தே திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

நினைவிழந்து, பேச்சிழந்து படுக்கையில் கிடக்கும் பெரியோர் பல இல்லங்களில் உண்டு. கடைசியில் திருநாமம் சொல்லாமலே போய்விட்டாரே என்று வருந்தும் பிள்ளைகளும் உண்டு. அவர் நடமாடிய நாளில் சந்நிதியில் நின்று கைகூப்பியதைப் பெருமாள் மறப்பதில்லை. அவர் செய்ய வேண்டிய விண்ணப்பம் அன்றே செய்யப்பட்டுவிட்டது. அவர் செவியருகே திருநாமத்தைச் சொல்லி, வாயில் துளசி தீர்த்தம் சேர்ப்பது பிள்ளைகளின் கைங்கர்யம். நலமாயிருப்பவர்களுக்கோ, விண்ணப்பம் செய்ய ஏற்ற நாள் இன்றே.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.