நாட்டின் வருமானத்தைக் கணக்கிட்டவர்

பெங்களூருவின் மேற்குப் பகுதியான நாகரபாவியில் சமூக, பொருளாதார மாற்றத்திற்கான நிறுவனம் அமைந்துள்ளது. பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற விரும்புவோர் அங்கு ஆய்வு செய்கின்றனர். 1972ஆம் ஆண்டில் அதனைத் தோற்றுவித்தவர் வி.கே.ஆர்.வி. ராவ். அவர் பிறந்த ஊர் காஞ்சிபுரம்.

விஜயேந்திர கஸ்தூரி ரங்க வரதராஜ ராவ் என்னும் முழுப்பெயர் கொண்ட அவர், 1908ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் பிறந்தார். பம்பாயில் முதுகலைப் பட்டம் பெற்றபின், இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். புகழ்பெற்ற பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் அப்போது அங்கே ஆசிரியராக இருந்தார்.

முனைவர் பட்டம், மதிப்பெண்ணால் மட்டும் கிடைப்பதன்று. இதுவரை எவரும் தெளிவான விடை காணாத வினா ஒன்றை மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நெறியாளரின் துணையோடு சான்றுகளைத் திரட்டி ஆய்வேடு எழுத வேண்டும். அதனைத் தேர்வாளர்கள் படித்துக் கேட்கும் கேள்விகளுக்கு நேரில் விடையளிக்கவும் வேண்டும்.

ராவ் எடுத்துக்கொண்ட வினா எளிதாகத் தோன்றும். 1931-32ஆம் ஆண்டில் பிரித்தானிய இந்தியாவின் மொத்த வருமானம் எவ்வளவு? அந்நிய ஆட்சியில் நாடு வளர்கிறதா, வறுமையுறுகிறதா என்ற வழக்கு நெடுங்காலமாக நடந்துவந்தது. 1867-68ஆம் ஆண்டில் ஓர் இந்தியரின் சராசரி வருமானம் 20 ரூபாய் என்று தாதாபாய் நௌரோஜி முன்னரே கணித்திருந்தார். ஆயினும் அவர் காலத்தில் கிடைத்த புள்ளிவிவரங்கள் மிகக் குறைவு.

பஞ்சின் விலை, நூலின் விலை, துணியின் விலை ஆகிய மூன்றையும் கூட்டினால், ஒரே பஞ்சு மும்முறை எண்ணப்பட்டுவிடும். ஆலைக்குக் கணக்கேடு உண்டு. குயவருக்கும் சலவைத் தொழிலாளிக்கும் ஏது கணக்கேடு? எனவே ராவ் இரண்டு முறைகளை இணைத்தார். உழவு, கால்நடை, காடு, மீன்பிடிப்பு, சுரங்கம் ஆகியவற்றில் விளைந்த பொருள்களின் மதிப்பைக் கணக்கிட்டார். தொழில், வணிகம், போக்குவரத்து முதலியவற்றில் உழைப்போர் ஈட்டிய வருமானத்தைக் கூட்டினார். விடை, தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 62 ரூபாய்! மாதத்திற்கு ஐந்து ரூபாயைச் சற்றே கடந்த தொகை. உலகப் பெருமந்தத்தால் விலைகள் வீழ்ந்திருந்த காலம் அது. மேலும் இது சராசரியே; நிலக்கிழாரின் வருமானமும் கூலியாளின் வருமானமும் இதில் கலந்தே உள்ளன.

1937ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. ஆய்வேடு 1940இல் நூலாக வெளிவந்தது. விடுதலைக்குப் பின், 1949இல் இந்திய அரசு தேசிய வருமானக் குழுவை அமைத்தது. மகலனோபிஸ் தலைமையிலான அக்குழுவில் ராவும் உறுப்பினரானார். ஒரு மாணவர் தனியே தொடங்கிய கணக்கு, அரசின் பணியாயிற்று.

தில்லிப் பொருளியல் பள்ளியையும் பொருளாதார வளர்ச்சி நிறுவனத்தையும் உருவாக்கியவர் அவரே. நடுவண் அரசின் கல்வி அமைச்சராகவும் விளங்கினார். அறுபது வயதைக் கடந்தபின் ஓய்வை நாடாமல், பெங்களூருவில் மீண்டும் ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று அங்குச் சேரும் ஆய்வு மாணவர்கள் முதலில் ஆய்வு முறைகளைப் பாடமாகப் பயில்கின்றனர். தம் ஆய்வின் வளர்ச்சியைக் கருத்தரங்குகளில் அறிஞர்கள் முன் எடுத்துரைக்கின்றனர். அங்கு எழும் வினாக்களுக்கு விடை தேடி, மீண்டும் கிராமத்திற்கோ நூலகத்திற்கோ செல்வோரும் உண்டு.

ராவ் 1991ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் மறைந்தார். நாகரபாவி நிறுவனத்தின் நூலகம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.