விதெப்ஸ்கின் ஓவிய ஆசான்

பெலாரஸ் நாட்டின் விதெப்ஸ்க் நகரில் ஓவியக் கலையை வேரூன்றச் செய்தவர் யெகுதா பென். இன்று லித்துவேனியாவில் உள்ள சராசாய் என்னும் சிற்றூரில், 1854 ஆம் ஆண்டு வறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். இளமையில் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழில் பயின்றார். ஓவியராகும் வேட்கை அவரை உருசியப் பேரரசின் தலைநகரான பீட்டர்ஸ்பர்க்குக்கு அழைத்துச் சென்றது. அங்கு யூதர்கள் அனுமதியின்றித் தங்க இயலாது. கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றபின்னும் அவர் ஊர் திரும்பவில்லை; காவலர் கண்ணில் படாது மறைந்து வாழ்ந்து, மறு ஆண்டில் வென்றார். 1886இல் கல்வியை நிறைவு செய்தார்.

1897இல் விதெப்ஸ்கில் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய பென், ஏழை மாணவர்க்குக் கட்டணமின்றிக் கற்பித்தார். கடிகாரம் பழுது பார்ப்பவர், தையற்காரர் முதலிய எளியோரை உள்ளவாறே தீட்டுவது அவர்தம் நெறி. மாணவர் மார்க் சகாலோ ஊதா நிறத்தையே மிகுதியாகப் பயன்படுத்தினார். ஆசிரியர் அதனைக் கடியவில்லை. அத்துணிவை மதித்து, கட்டணமின்றித் தொடர்ந்து பயில இசைந்தார். எல் லிசிட்ஸ்கி என்னும் மாணவர் வடிவியல் ஓவியத்தை நாடிப் புகழ்பெற்றார். பின்னாளில் சகால் நிறுவிய மக்கள் கலைப்பள்ளியில், மாணவர் தலைமையின்கீழ் ஆசிரியராகப் பணியாற்றவும் பென் தயங்கவில்லை.

1937இல் தம் இல்லத்திலேயே அவர் கொலையுண்டார். தம்மைப் போலவே தீட்டுவோரை உருவாக்காமல், தமக்கெனப் பாதை வகுப்போரை உருவாக்கியதே அவர் பெருமை.