பிரித்துப் பார்த்த மனிதர்: ஜி.டி. நாயுடு

புக்கிட் மெர்தாஜாம் ரயில் நிலையத்தில் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு தடம் பட்டர்வொர்த்தை நோக்கியும் மற்றொன்று அலோர் ஸ்டார் வழியாகப் பாடாங் பெசாரை நோக்கியும் செல்கின்றன. இந்தப் பிரிவைத் தம் வீட்டுப் பின்னறையில், பலகையின் மேல், 87இல் ஒரு பங்கு அளவில் அமைத்து வைத்திருக்கிறார் என் தாய்மாமா. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐஸ்கிரீம் குச்சிகளைச் சீவி நிலையக் கட்டடம் எழுப்பியிருக்கிறார். வீட்டு முன்புறம் நிற்பது 1960களில் வந்த மோரிஸ் மைனர் காடி. மாமாவின் ஓய்வூதியம் முன்னறையில் பாதியும் பின்னறையில் மீதியுமாகக் கரைகிறது என்பது அத்தையின் நெடுநாள் குறை.

அந்தப் பின்னறைச் சுவரில் சட்டமிட்ட படமொன்று தொங்குகிறது. சிறுவயதில் அது யாரோ எங்கள் மூத்த உறவினர் என்றே நினைத்திருந்தேன். இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போதுதான் அவர் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு என்று தெரிந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்த எனக்கும் அவரைப் பற்றித் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், பெரிய விஞ்ஞானி ஆனவர். அதற்குமேல் எவரும் சொல்வதில்லை. எஸ்.பி.எம். தேர்வுக்கு முன்பே படிப்பை நிறுத்திக்கொண்ட என் அண்ணன் முறையினர் ஒருவர் வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் நாயுடுவின் பெயரைத்தான் கேடயமாகப் பிடிப்பார். இக்கட்டுரையை எழுத முற்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை விவசாயி. தாயைச் சிறுவயதிலேயே இழந்தார். ஆசிரியர்கள் முகத்தில் மண்ணை வீசிய பையன் என்று அவரைப் பற்றிய நூல்கள் எல்லாம் தவறாமல் குறிப்பிடுகின்றன. பள்ளி அவரை விட்டதா, அவர் பள்ளியை விட்டாரா என்று பிரித்துச் சொல்வது கடினம். அதன்பின் தாமாகவே தமிழ் நூல்களைப் படித்துத் தேர்ந்தார். இந்தப் பகுதியை என் அண்ணன் எப்போதும் விட்டுவிடுவார்.

ஒருநாள் அந்த ஊர் வழியாக ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானாகவே ஓடுவதை நாயுடு கண்டது அன்றுதான். அப்போது அவருக்கு வயது 16 என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் ரட்ஜ் நிறுவனம் மோட்டார் சைக்கிள்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1911ஆம் ஆண்டில். ஆகவே நாயுடுவுக்கு அப்போது 18 வயதாவது ஆகியிருக்க வேண்டும். கதை சொல்பவர்கள் நாயகனின் வயதைக் குறைப்பது வழக்கம்தான். இரண்டு வயதால் கதையின் அருமை குறைந்துவிடாது.

வண்டியின் மேல் ஆசை வந்துவிட்டது, கையில் காசில்லை. கோவைக்குச் சென்று உணவு விடுதியொன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காசு சேர்த்தார். பிறகு சுமார் முந்நூறு ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார். நம்மில் யாராக இருந்தாலும் அடுத்து என்ன செய்திருப்போம்? ஊரைச் சுற்றி வந்திருப்போம். அவர் வண்டியை ஆணி ஆணியாகப் பிரித்துத் தரையில் பரப்பினார், பிறகு மீண்டும் பூட்டினார். இந்த இடத்துக்கு வரும்போது மாமாவின் குரலே மாறிவிடும். ஒரு பொருளை வாங்கியவுடன் பிரித்துப் பார்க்கத் தோன்றுபவர்கள் ஒரு தனிச்சாதி என்பது அவருடைய கருத்து. லிவர்பூல் நகரத்து ஃபிராங்க் ஹார்ன்பி தம் பிள்ளைகளுக்காகத் துளையிட்ட உலோகப் பட்டைகளைச் செய்து, 1901இல் காப்புரிமை பெற்று, பிறகு பொம்மை ரயிலுக்கும் பொம்மைக் காடிக்கும் உலகப் புகழ் தேடித் தந்தாரே, அவரையும் மாமா இதே சாதியில் சேர்ப்பார்.

ஹார்ன்பியின் பொம்மை ரயில்கள் கடைக்கு வந்த ஆண்டு 1920. அதே ஆண்டில்தான் நாயுடு தம் முதல் பேருந்தை ஓட்டினார். இடைப்பட்ட காலம் அவருக்கு எளிதாக அமையவில்லை. பருத்தி வணிகத்தில் இறங்கித் திருப்பூரில் பணம் சேர்த்தார், பம்பாய் சென்று பருத்திச் சந்தையில் அதை இழந்தார். வெறுங்கையோடு திரும்பியவருக்குக் கைகொடுத்தவர் கோவையில் ஆலைகளும் வணிகமும் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை. அவர் கொடுத்த கடனுதவியோடு ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடு தாமே ஓட்டினார்.

ஏன் பொள்ளாச்சி-பழனி? அன்று அவ்விரு ஊர்களுக்கும் இடையே ரயில் பாதை கிடையாது. பழனிக்குச் செல்லும் பக்தர் கூட்டத்தைப் பற்றிப் பினாங்குக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பாதையைப் பார்த்தவர்களுக்கு அது தானே விளங்கும். அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை மாட்டு வண்டியில் கடந்துகொண்டிருந்த மக்களுக்கு நேரம் தவறாமல் ஒரு பேருந்து வந்தால் எப்படி இருந்திருக்கும்! ரயில் இல்லாத இடத்தில் ரயிலின் ஒழுங்கைச் சாலைக்குக் கொண்டுவந்தார் என்பதே என் மதிப்பீடு. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., என்ற அவருடைய நிறுவனத்திடம் 1933 வாக்கில் 280 பேருந்துகள் இருந்தன. ஒரே பேருந்தோடு தொடங்கிப் பதின்மூன்றே ஆண்டுகளில்!

1930களில் அவர் ஐரோப்பா சென்றார். திரும்பத் திரும்பச் சென்றார். கையில் எப்போதும் கேமரா இருந்தது. 1936இல் லண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம்பிடித்தவர்களுள் அவரும் ஒருவர். ஜெர்மனியில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். உலர் மின்கலத்தில் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய ரேசண்ட் சவரக் கருவி அந்தப் பயணங்களின் விளைவு. மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் என அவர் கைபட்டவை ஏராளம். 1937இல் கோவைப் பீளமேட்டில், பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து நடத்திய தொழிற்கூடத்திலிருந்து மின்மோட்டார் வெளிவந்தது. இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். பருத்தி, பப்பாளி என்று விவசாய ஆராய்ச்சிகளும் செய்தார். இவை அனைத்தையும் விரித்தால் இந்த ஆண்டு மலரில் வேறு எவருக்கும் இடமிருக்காது.

நண்பர்களே, நாம் படிக்கும் படிப்போடு தொடர்புடைய ஒன்று இருக்கிறது. 1945இல், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் கோவையில் பொறியியல் கல்லூரியொன்று உருவானது. அதற்கு வழிவகுத்தவரும் பொருள் கொடுத்தவரும் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நாயுடுதான். அக்கல்லூரியே பின்னாளில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகத் தடாகம் சாலையில் வளர்ந்தது. அது முதலில் இருந்த இடம் இன்றும் ‘ஹோப் காலேஜ்’ என்றே வழங்குகிறது. கல்லூரி இடம்பெயர்ந்தும் பெயர் மட்டும் பேருந்து நிறுத்தத்தில் தங்கிவிட்டது.

படிப்பை வெறுத்தவர் கல்லூரி ஏன் தொடங்க வேண்டும்? அவர் வெறுத்தது படிப்பை அன்று, வீணாகும் காலத்தை. நான்காண்டுப் பொறியியல் பாடத்தை இரண்டே ஆண்டுகளில் கற்பித்துவிடலாம், மாணவன் முதல்நாளே இயந்திரத்தில் கைவைக்க வேண்டும் என்பது அவர் வாதம். அரசு அதை ஏற்கவில்லை. அவர் விலகிக்கொண்டார். இதில் முழுமையாக அவர் பக்கம் நிற்க எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. வெப்ப இயக்கவியலை இரண்டு பருவங்கள் படித்தே திணறிக்கொண்டிருப்பவன் நான். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இயந்திரப் பொறியியலில் மூன்றாம் ஆண்டுக்கு வந்த பிறகும் நான் ஓர் எஞ்சினைத் திறந்ததில்லை. முதன்முதலில் என் கை கறுத்தது, சென்ற விடுமுறையில், மாமாவின் மோரிஸ் மைனரில்தான். அதன் கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடி பூட்ட எனக்கு ஒரு பகலும் அரை இரவும் ஆயின. ஒரு வளையம் மிஞ்சிவிட்டது. மாமா ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் திரும்பக் கழற்றச் சொன்னார். நாயுடு பூட்டிய ரட்ஜில் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று அன்றிரவு நினைத்துக்கொண்டேன்.

அவருடைய பிற்காலத்தைப் படிக்கையில் மனம் கனக்கிறது. 1952இல் இருவர் அமரக்கூடிய சிறிய பெட்ரோல் காடியை வடிவமைத்தார். விலை இரண்டாயிரம் ரூபாய் மட்டுமே. உற்பத்திக்கு அரசின் உரிமம் கிடைக்கவில்லை. அன்றைய இந்தியாவில் என்ன செய்வது, எவ்வளவு செய்வது என்பதற்கெல்லாம் உரிமம் வேண்டும். உரிமம் இல்லையேல் காடி இல்லை. வரிச்சுமை வேறு. அதைக் கண்டித்து, 1950களில், தாம் செய்த பொருள்களையே பொதுமக்கள் முன்னிலையில் உடைத்துக் காட்டினார். வானொலிப் பெட்டிகள் நொறுங்கின. பிரித்துப் பூட்டுவதிலேயே வாழ்வு கண்ட கை, மறுபடி பூட்ட முடியாதபடி உடைத்தது. அதனால் அரசு மனம் மாறியதாகத் தெரியவில்லை. என்னைக் கேட்டால், அவற்றைப் பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கலாம். நூறு சிறுவர்கள் பிரித்துப் பார்த்திருப்பார்கள். மாமா இதை ஏற்கமாட்டார். உடைத்தவனுக்குத்தான் அதன் வலி தெரியும் என்று சொல்லி அறையை விட்டு எழுந்து போய்விடுவார்.

அரசியலிலும் அவர் ஒருமுறை கால்வைத்தார். மாகாணத் தேர்தலில் நின்று தோற்றார். அதோடு சரி. முதுமையிலும் வேகம் குறையவில்லை. 1967இல், காலை 11 மணிக்கு அடித்தளமிட்டு மாலை 5 மணிக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்துக் காட்டினார். 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள், எண்பதாவது வயதில் மறைந்தார்.

கோவை அவினாசி சாலையில் அவருடைய பொருள்கள் காட்சிக்கு இருக்கின்றன. 2015இல் அதே வளாகத்தில் பழங்காடிகளுக்கென அருங்காட்சியகம் ஒன்றும் அவர் குடும்பத்தாரால் திறக்கப்பட்டது. 2025 அக்டோபரில், அதே சாலைக்கு மேல் பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு எழுந்த மேம்பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. செய்தியைக் கைப்பேசியில் பார்த்த மாமா, பாலத்தைவிட அதன் கீழே இருக்கும் பழங்காடிகளைப் பார்க்கத்தான் போக வேண்டும் என்றார். பயணச்சீட்டு விலையை அன்றே அத்தை விசாரித்தார். பேச்சு அங்கேயே நிற்கிறது.

அண்ணனிடம் இக்கட்டுரையின் முதற்படியைக் கொடுத்தேன். உணவு விடுதியில் மூன்றாண்டு வேலை பார்த்த பகுதியை இரண்டு முறை படித்தார். எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுவாரம் மாமா வீட்டுக்கு வந்து, மோரிஸின் பின்சக்கர பிரேக்கைத் தாமே கழற்றுவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பின்னறைப் பலகையில் இப்போது புதிதாக ஒரு பேருந்து நிற்கிறது. தகரத்தில் வெட்டி, பற்பசை மூடிகளைச் சக்கரமாக்கி மாமா செய்தது. புக்கிட் மெர்தாஜாம் நிலைய வாசலில், டாக்சிகள் நிற்கும் இடத்தில் அதை நிறுத்தியிருக்கிறார். நெற்றியில், ஊசிமுனைத் தூரிகையால் எழுதிய இரண்டு சொற்கள்: பொள்ளாச்சி, பழனி. பூகோளம் தெரியாத பேருந்து என்று அத்தை சிரித்தார். மாமா பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, அதன் பக்கவாட்டில் யு.எம்.எஸ். என்று எழுதத் தொடங்கினார்.