ஷேக்ஸ்பியர் மணந்த பெண் யார்?

1582-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி.

இங்கிலாந்தில் வூஸ்டர் என்ற நகரம். அங்குள்ள பிஷப்பின் அலுவலகத்தில் ஒரு கலியாணத்துக்கு அனுமதி கொடுத்து, பதிவுப் புத்தகத்தில் எழுதினார்கள்.

மாப்பிள்ளை: வில்லியம் ஷேக்ஸ்பியர். பெண்: ஆன் வேட்லி. ஊர்: டெம்பிள் கிராப்டன்.

மறுநாள் அதே கலியாணத்துக்கு ஜாமீன் பத்திரம் எழுதப்பட்டது. பின்னால் ஏதாவது தகராறு வந்தால் 40 பவுண்டு கட்டுவதாக இரண்டு விவசாயிகள் பொறுப்பு ஏற்றார்கள். அக்காலத்தில் அது பெருந்தொகை. மாப்பிள்ளை அதே ஷேக்ஸ்பியர்தான். ஆனால், பெண்ணின் பெயர் ஆன் ஹாதவே! ஊர் ஸ்ட்ராட்போர்டு!

ஒரே இரவில் பெண் மாறிவிட்டாளா?

இந்த மாப்பிள்ளைதான் பிற்காலத்தில் நாடகங்கள் எழுதி உலகப் புகழ் பெற்றவர். 1564-ல் ஸ்ட்ராட்போர்டில் பிறந்தவர். தந்தை ஜான், கையுறை செய்து விற்றவர். கலியாணத்தின்போது ஷேக்ஸ்பியருக்கு வயது 18. ஆன் 8 வயது மூத்தவர். ஆறே மாதத்தில் மூத்த மகள் சூசன்னா பிறந்துவிட்டாள்.

கதை கட்ட இது போதாதா? ஷேக்ஸ்பியர் காதலித்தது வேட்லியைத்தான், ஹாதவே வீட்டார் வற்புறுத்திக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று பிராங்க் ஹாரிஸ் என்ற எழுத்தாளர் எழுதினார். மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒரு மனைவிக்கு, செத்து முந்நூறு ஆண்டுக்குப் பிறகு இப்படி ஓர் அவப்பெயர்!

குட்டு வெளிப்பட்டது

முடிச்சை அவிழ்த்தவர் கிரே என்ற ஆராய்ச்சியாளர். அதே அலுவலகத்தின் பழைய ஏடுகளை அவர் பொறுமையாகப் புரட்டினார். பாதிரியாருக்குச் சேர வேண்டிய வரிப் பாக்கி பற்றி ஒரு வழக்கு இருந்தது. அது விசாரணைக்கு வந்தது அதே நவம்பர் 27-ந் தேதி. வழக்குப் போட்ட பாதிரியாரின் பெயர் வில்லியம் வேட்லி!

வழக்குக்காக வேட்லி, வேட்லி என்று எழுதிய குமாஸ்தாவின் கை, கலியாணப் பெண்ணுக்கும் அதையே எழுதிவிட்டது. இதுதான் இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் முடிவு. டெம்பிள் கிராப்டன் எப்படி வந்தது? கலியாணம் அந்த ஊர்க் கோவிலில் நடப்பதாக இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

அந்தக் காலத்தில் எழுத்துக்கு ஒரு கட்டுப்பாடு கிடையாது. ஆனின் தந்தை தம் உயிலில் மகளை ஆக்னஸ் என்று குறித்திருக்கிறார். அந்நாளில் இரண்டும் ஒரே பெயராகவே வழங்கின. ஷேக்ஸ்பியருக்கு ஹாம்னெட் சாட்லர் என்று ஒரு நண்பர்; உயிலில் அவர் ஹாம்லெட் ஆகிவிட்டார். பிறரைச் சொல்வானேன்? ஷேக்ஸ்பியரின் கையெழுத்துகளாக ஆறு கிடைத்திருக்கின்றன. இன்று நாம் அச்சில் பார்க்கும் ஆங்கில எழுத்துகளோடு அவற்றில் ஒன்றுகூட முழுதாகப் பொருந்தாது!

ஷேக்ஸ்பியர் 1616-ல் காலமானார். ஆன் அம்மையார் 1623 ஆகஸ்டு 6-ந் தேதி, 67-வது வயதில் இறந்தார். ஸ்ட்ராட்போர்டு கோவிலில் கணவரின் சமாதிக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லில் ஹாதவேயும் இல்லை, வேட்லியும் இல்லை. வில்லியம் ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் என்றே பொறித்திருக்கிறது.