சிதம்பரனாரும் கடனும்

கடன்பட்டோர் முகங்கவிழ்ந்து நடத்தலும், கொடுத்தோர் கேட்க நாணுதலும் பூதப்பாண்டியிலிருந்து கல்லூரிக்கு வந்துள்ள யாம் இளமை முதற் கண்டவை. இவ்விரு நிலையினும் தலைநிமிர்ந்து நின்றவர் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள்.

1872-ஆம் ஆண்டு ஒட்டப்பிடாரத்திற் பிறந்த இவர், 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார், 1908-இல் சிறைப்பட்டார். 1912 டிசம்பரில் விடுதலையடைந்தபோது கம்பெனி கலைந்து போயிருந்தது; வழக்கறிஞர் உரிமையும் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் வறுமை இவரைச் சூழ்ந்தது.

அந்நாளில், தென்னாப்பிரிக்கத் தமிழர் இவர்க்கெனத் திரட்டிய பொருள் காந்தியடிகள்பால் தங்கியிருந்தது. தந்தோர் பெயரும் தொகையும் அடிகளின் நினைவில் இல்லை. 1915-இல் இருவர்க்குமிடையே கடிதங்கள் நடந்தன. பிள்ளையவர்கள் சினந்தாரிலர், இரந்தாருமிலர். முதலில் அவசரமில்லை என்றிருந்தவர், பின்னர்த் தம் குடும்ப நிலையை ஒளியாது எழுதி, தமக்குரியதை உரிமையோடு கேட்டார். மரியாதை குன்றாமலும் கேட்டார். 1916-இல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது.

பிற்காலத்தில் உரிமை மீண்டும் கிடைத்து வழக்காடிய போதும் வறுமை முற்றும் நீங்கவில்லை. ஆயினும் தாம் மறைந்த 1936-ஆம் ஆண்டில் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தாம் தரவேண்டிய சில்லறைக் கடன்களையும் விடாது குறித்து வைத்தார். அன்னியர் கப்பலுக்கெதிரே கப்பலோட்டியவர்க்கு எண்ணெய்க் கடைப் பாக்கியும் சிறிதாகத் தோன்றவில்லை.

வரவேண்டியதைக் கேட்டவர், தரவேண்டியதை மறைத்தாரிலர். கடன் என்னுஞ் சொல்லிற்குக் கடமை என்னும் பொருளும் தமிழில் உண்டு. அவ்விரு பொருளையும் ஒன்றெனக் கொண்டு வாழ்ந்த இப்பெரியார் வரலாறு, மாணவராகிய நம் உள்ளத்தில் நிலைபெறுவதாக.