பிறர்க்காக எழுதிய கை

பெரியோர் மறைந்தபின் அவர்கள் இயற்றிய நூல்கள் நாடெங்கும் சென்று சேர்கின்றன. உலகுக்குக் காட்ட வேண்டும் என்று அவர்கள் எண்ணாத காகிதங்களோ பெட்டிகளிலும் கோப்புகளிலும் உறங்கிக் கிடக்கின்றன. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனை அவருடைய கவிதையின் வழியே அறிந்தவர்கள் பலர். மகாகவி பாரதியாரும் தம் கட்டுரையொன்றில் அவரைப் போற்றி எழுதியுள்ளார். ஆயினும் விட்மன் எத்தகைய மனிதர் என்று அறிய விரும்புவோர், அவர் விட்டுச் சென்ற குறிப்பேடுகளையும் கடிதங்களையும் அலுவலகத் தாள்களையும் நாட வேண்டும்.

அச்சுக்கூடத்தில் வளர்ந்தவர்

1819 மே 31 அன்று, நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த லாங் ஐலண்ட் தீவில், வெஸ்ட் ஹில்ஸ் என்னும் சிற்றூரில் விட்மன் பிறந்தார். தந்தை தச்சுத் தொழில் செய்து வீடு கட்டி விற்பவர். பெரிய குடும்பம், வருவாயோ குறைவு. ஆகவே 11ஆம் வயதிலேயே விட்மனின் பள்ளிப் படிப்பு முடிவுக்கு வந்தது. வழக்கறிஞர் அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்த்தார். பின்னர் அச்சுக் கோக்கும் தொழிலைக் கற்றார். கிராமப் பள்ளிகளில் ஆசிரியராகவும், புரூக்ளினில் நாளிதழ் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

1855ஆம் ஆண்டில் ‘புல்லின் இதழ்கள்’ என்னும் நூலைத் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார். அதில் இருந்தவை 12 கவிதைகள். முகப்புப் பக்கத்தில் ஆசிரியரின் பெயர் இல்லை. அறிஞர் எமர்சன் அந்நூலைப் படித்து மகிழ்ந்து பாராட்டுக் கடிதம் அனுப்பினார். மறு ஆண்டு விட்மனைச் சந்தித்த தோரோ, கீழை நாட்டு ஞானநூல்களின் சாயலை அக்கவிதைகளில் கண்டு வியந்து, அவற்றைப் படித்ததுண்டா என்று வினவினார். இல்லை என்றே விட்மன் விடையளித்தார். பழைமையான இந்து காவியங்களைத் தாம் படித்திருந்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார். எல்லா உயிரிலும் தன்னைக் காணும் பார்வை அந்நூல் முழுவதும் பரவியிருந்தது. எழுத்தில் சொன்னதை வாழ்ந்து காட்டும் வேளை 1862இல் வந்தது.

படுக்கைகளின் நடுவே

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பிரெடரிக்ஸ்பர்க் போரில் காயமுற்றோர் பட்டியலில் தம் தம்பி ஜார்ஜின் பெயரைக் கண்ட விட்மன் உடனே புறப்பட்டார். வழியில் பிலடெல்பியாவில் அவருடைய பணப்பை களவு போயிற்று. கையில் காசின்றித் தேடி அலைந்து, இறுதியில் போர்முனை முகாமில் தம்பியைக் கண்டார். ஜார்ஜுக்குக் கன்னத்தில் சிறு காயமே ஏற்பட்டிருந்தது. ஆனால் அம்முகாமில் மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்த மாளிகையின் எதிரே, ஒரு மரத்தடியில், வெட்டி எடுக்கப்பட்ட கைகளும் கால்களும் குவிந்து கிடந்ததை விட்மன் கண்டார். காயமுற்றோரை ஏற்றிச் சென்றவர்களோடு அவரும் வாஷிங்டன் நகருக்குச் சென்றார். சில நாள் தங்க எண்ணிச் சென்றவர் பத்தாண்டுகள் அந்நகரிலேயே வாழ்ந்தார்.

படைவீரர்களுக்குச் சம்பளம் வழங்கும் அலுவலகத்தில், நாள்தோறும் சில மணி நேரம் தாள்களைப் படியெடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அந்தச் சிறு ஊதியத்தில் வயிற்றைக் கழுவிக்கொண்டு, எஞ்சிய பொழுதையெல்லாம் மருத்துவமனைகளில் கழித்தார். அவர் மருத்துவர் அல்லர். எந்தப் பதவியும் அவருக்கு அங்கே இல்லை. நண்பர்கள் அனுப்பிய பணத்தில் ஆரஞ்சுப் பழம், மிட்டாய், காகிதம், தபால் தலை ஆகியவற்றை வாங்கித் தோளில் தொங்கும் பையில் நிறைத்துக்கொள்வார். குளித்து, தூய ஆடை உடுத்தி, மலர்ந்த முகத்தோடுதான் நோயாளிகளின் முன் செல்வார்.

தாள்களை மடித்துத் தாமே உருவாக்கிய சிறு குறிப்பேடு ஒன்று எப்போதும் அவருடைய சட்டைப்பையில் இருக்கும். படுக்கை எண், வீரரின் பெயர், காயத்தின் தன்மை, அவர் விரும்பிய பொருள், கடிதம் எழுத வேண்டிய வீட்டு முகவரி ஆகியவை அதில் பென்சிலால் குறிக்கப்பட்டிருக்கும். கவிஞரின் குறிப்பேட்டில் கற்பனையைத் தேடுவோர், அங்கே ஒருவர் கேட்ட பழத்தையும் இன்னொருவர் கேட்ட தாளையும் காண்பார்கள்.

போர்க்காலத்தில் 600க்கும் மேற்பட்ட முறை மருத்துவமனைகளுக்குச் சென்று, 80,000 முதல் 1,00,000 பேர் வரை கண்டதாக அவரே கணக்கிட்டிருக்கிறார். 1864இல் அவருடைய உடல் நலிந்தது. சில மாதம் தாயிடம் சென்று தங்கியவர், தேறியதும் மீண்டும் வாஷிங்டன் திரும்பினார்.

பறிபோன வேலை

1865 ஜனவரியில் உள்துறையின் கீழிருந்த பழங்குடியினர் அலுவலகத்தில் அவருக்குக் குமாஸ்தா பதவி கிடைத்தது. அவ்வலுவலகம் இயங்கிய கட்டடம் முன்பு மருத்துவமனையாகப் பயன்பட்டது. அங்கே அவர் நோயாளிகளைப் பேணியதும் உண்டு.

சில மாதங்களில் உள்துறைச் செயலராகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் ஹார்லன், விட்மனின் மேசையில் ‘புல்லின் இதழ்கள்’ நூலின் பிரதியைக் கண்டார். அந்நூல் ஒழுக்கத்துக்கு மாறானது என்று கருதி, ஜூன் 30 அன்று அவரைப் பணிநீக்கம் செய்தார். நீல அட்டையிட்ட அப்பிரதியில் விட்மன் தம் கையாலேயே எண்ணற்ற திருத்தங்கள் செய்திருந்தார். இன்று அது நியூயார்க் பொது நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

நண்பர்கள் பரிந்து பேசியதால், மறுநாளே தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. பிறர் சொன்னதையும் எழுதியதையும் தெளிந்த கையெழுத்தில் படியெடுப்பதே அங்கு அவருடைய பணி. கவிஞர் என்ற பெருமையை அவர் அம்மேசைக்குக் கொண்டுவரவில்லை. 2011இல் அறிஞர் கென்னத் பிரைஸ், அவருடைய கையெழுத்தில் ஏறத்தாழ 3,000 தாள்களை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் அடையாளம் கண்டதாக அறிவித்தார். அவற்றில் விட்மனின் பெயரைத் தாங்காத தாள்களே மிகுதி.

காகிதங்களின் பயணம்

1873 ஜனவரியில் பக்கவாதம் அவரைத் தாக்கியது. அவ்வாண்டு மே மாதம் தாயும் மறைந்தார். விட்மன் நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் குடியேறினார். அங்கே அவருடைய அறைத் தரை முழுவதும் காகிதங்கள் முழங்காலளவு சிதறிக் கிடக்கும். தாம் பேணிய வீரர்களின் கடிதங்களையும் அவர் போற்றிக் காத்தார். ஒரு வீரர் தம் மகனுக்கு வால்ட்டர் விட்மன் என்றே பெயர் சூட்டினார். மணம் செய்துகொள்ளாத அக்கவிஞருக்கு இதனினும் பெரிய பரிசு இல்லை. 1892 மார்ச் 26 அன்று விட்மன் காலமானார்.

அவருடைய காகிதங்களின் பெரும்பகுதி காலப்போக்கில் வாஷிங்டனிலுள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தை அடைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பாதுகாப்புக்காக வெளியூருக்கு அனுப்பப்பட்டுத் திரும்பிய பெட்டிகளில் பத்துக் குறிப்பேடுகள் காணாமற்போயின. அவற்றுள் நான்கு 1995இல் மீண்டு வந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

போர் முடிந்து பல மாதங்கள் கழிந்தபின், 1866 ஜனவரி 21 அன்று, வாஷிங்டனின் ஹேர்வுட் மருத்துவமனையில் ராபர்ட் ஜேபோ என்னும் படைவீரர் நுரையீரல் நோயால் படுத்திருந்தார். மற்ற வீரர்கள் ஊர் திரும்பிவிட்டனர். போரைப் பற்றிப் பேசிய நாளிதழ்களும் வேறு செய்திகளுக்குச் சென்றுவிட்டன. அன்று ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்துக்கு விடுமுறை. அந்தக் குமாஸ்தா வந்து வீரரின் அருகில் அமர்ந்தார்.

ஜேபோவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல, விட்மன் அவருடைய மனைவிக்குக் கடிதம் எழுதினார். நெடுநாள் எழுதாததற்கு மன்னிப்பு, வீடு திரும்ப உடல்நிலை இடந்தரவில்லை என்ற வருத்தம், வீட்டார் நலம் குறித்த விசாரிப்பு, இறைவன் அருளால் மீண்டும் சந்திப்போம் என்ற நம்பிக்கை ஆகியவையே அக்கடிதத்தில் இருந்தன. புலமைக்கு அங்கே இடமில்லை. ஓர் எளிய கணவனின் சொற்கள் அப்படியே தாளில் இறங்கின. அடியில் விட்மன் தம் பெயரைக் குறித்து, தம்மை ஒரு நண்பர் என்று மட்டும் சொல்லிக்கொண்டார்.

ஜேபோ அந்நோயிலிருந்து மீளவில்லை. அக்கடிதம் விதவையர் ஓய்வூதியக் கோப்பு ஒன்றில் அடங்கி, நூற்றைம்பது ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. காப்பகத்தில் தொண்டு புரிந்த ஒருவர் கோப்புகளைப் பார்வையிட்டபோது அது வெளிப்பட்டு, 2016இல் உலகுக்குத் தெரியவந்தது.

வீரர்களுக்காக விட்மன் எழுதிய இத்தகைய கடிதங்களில் இன்று கிடைப்பவை மிகச் சிலவே. மற்றவை எல்லாம் எங்கெங்கோ உள்ள வீடுகளுக்குச் சென்று, தாய்மார்களாலும் மனைவியராலும் படிக்கப்பட்டு, காலத்தில் கரைந்துபோயின. எழுதியவர் யார் என்பதுகூட அவர்களுள் பலருக்குத் தெரிந்திராது. மகனின் சொல்லும் கணவனின் சொல்லும் அவர்களை எட்டிவிட்டன. விட்மன் அந்தப் படுக்கைகளின் அருகே அமர்ந்தது அதற்காகவே.